சம்பா மாதங்களில் மாடு நிற்கும் இடம்: சேறில்லாத தீவனத் தரையைக் குறைந்த செலவில் அமைப்பது எப்படி?

டெல்டா மாட்டுக்குக் கோடையைவிட ஐப்பசிதான் கெட்ட காலம். வயல் முழுக்கச் சம்பாப் பயிர் நிற்கும். வரப்பில் புல் இருந்தாலும் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. பக்கத்து வயலில் ஒரு வாய் கடித்துவிட்டால் ஊரே கூடிவிடும். தையில் அறுப்பு முடிந்து தாளில் மேயவிடும் வரை, கொல்லையிலேயே கட்டிப் போட்டு, வைக்கோலை உருவிப் போட்டுக் காலம் தள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கடலோர டெல்டாவில் அந்தப் பங்கு இன்னும் அதிகம்.

வளர்ந்த கலப்பினப் பசு 400 கிலோ இருக்கும். அவ்வளவு எடையும் நான்கு குளம்புகளில் இறங்குவதால், மண்மேல் விழும் அழுத்தம் டிராக்டர் சக்கரம் தருவதைவிட அதிகம். பகலும் இரவும் அதே இடத்தில் மிதி. பசு ஒன்றுக்கு நாளுக்கு 15 கிலோ அளவுக்குச் சாணம், கூடவே மூத்திரம், மேலே மழை. ஒரு வாரத்தில் தீவனத் தொட்டியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு உளை விழுந்துவிடும். காலை உருவி உருவி எடுத்து வைக்க வேண்டியிருப்பதால் மாடு தொட்டிக்கு வரவே தயங்கும். தீனி குறையும், பின்னாலேயே பாலும் குறையும். குளம்பின் இடுக்கு ஊறி அழுகும். மடியில் சேறு பட்டு மடிநோய் வரும். ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டிய பிராணி, படுக்க இடமில்லாமல் நின்றே இரவைக் கழிக்கும்.

நான் முதல் தடவை செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி கடைசியில் இரண்டு டிராக்டர் கிராவல் (சிவப்புச் சரளை மண்) வாங்கி, கொல்லை முழுக்கச் சமமாகப் பரப்பினேன். பார்க்கச் செக்கச் செவேல் என்று கோயில் திடல் மாதிரி இருந்தது. கார்த்திகை பிறந்தபோது ஒரு கூடை கிராவலைக்கூடக் கண்ணால் பார்க்க முடியவில்லை. களிமண் அத்தனையையும் விழுங்கிவிட்டது.

தவறு கிராவலில் இல்லை, கணக்கில். 40 அடிக்கு 30 அடி கொல்லையில் இரண்டு அங்குலம் பரப்ப 200 கன அடி பொருள் வேண்டும். அதே 200 கன அடியை மாடு தின்ன நிற்கும் 20 அடிக்கு 15 அடி இடத்தில் மட்டும் போட்டால் எட்டு அங்குலக் கனம் கிடைக்கும். முதலாவது ஒரு மழைக்குத் தாங்காது. இரண்டாவது பல வருடம் கிடக்கும். பணமும் பொருளும் ஒன்றே. சின்ன இடம், நல்ல கனம்: இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான் போகும்.

முதலில் தண்ணீரைத் திருப்புங்கள்

கல் வாங்கப் போவதற்கு முன்னால், ஒரு நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நில்லுங்கள். எங்கிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். இந்த அரை மணி நேரம் ஒரு லோடு ஜல்லியை மிச்சப்படுத்தும்.

பெரும்பாலான கொல்லைகளில் பாதிச் சேறு கூரையிலிருந்து வருகிறது. 20 அடிக்கு 10 அடி கொட்டகைக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறவாரத்தில் வழியும். நம் வழக்கப்படி தீவனத் தொட்டியைச் சரியாக இறவாரத்துக்குக் கீழேதான் வைத்திருப்போம். பாதியாகப் பிளந்த பி.வி.சி. குழாயையோ மடித்த தகரத்தையோ இறவாரத்தில் கட்டி, தண்ணீரை ஓர் ஓரமாக வாய்க்காலில் விடுங்கள். தரைக்குச் செலவிடும் முதல் ரூபாய் இதற்குப் போகட்டும்.

வீட்டுப் பக்கத்திலிருந்தோ தெருவிலிருந்தோ தண்ணீர் கொல்லைக்குள் வந்தால், மேட்டுப் பக்கத்தில் ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும். இடம் கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் தள்ளியிருக்க வேண்டும். கழிவு இறங்கும் பக்கத்தில் குளம் இருக்கக் கூடாது, எருக்குழியும் தென்னையும் இருந்தால் நல்லது.

அமெரிக்காவில் கென்டக்கி போன்ற இடங்களில் குளிர்கால ஈரத்தில் இதே தொல்லைக்கு மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, துணி விரித்து, கல் நிரப்புகிறார்கள். முறை நல்லது. ஆனால் அதை அப்படியே இங்கே செய்தால் மாட்டுக்கு நீச்சல் குளம் வெட்டிக் கொடுத்ததாகும். டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் காலுக்கடியில் நிற்கிறது. இங்கே தோண்டக் கூடாது, உயர்த்த வேண்டும். மேலே கிடக்கும் சாணக் குழம்பையும் மக்கிய கூளத்தையும் மட்டும் வழித்தெடுத்து எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, இருக்கும் மட்டத்துக்கு மேலேயே தரையை எழுப்புங்கள்.

எவ்வளவு இடம், எவ்வளவு பொருள்

தொட்டியில் கட்டித் தீனி போடுவதானால் ஒரு மாட்டுக்கு நான்கு அடி அகலம் வையுங்கள். ஐந்து மாட்டுக்கு 20 அடி. தொட்டியிலிருந்து பின்பக்கமாக 15 அடி: மாட்டின் உடல் நீளம் எட்டு அடி, மிச்சம் பின்வாங்கித் திரும்பவும் சாணம் விழவும். ஆக 300 சதுர அடி. தண்ணீர்த் தொட்டியையும் இதற்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். அதைத் தனியே ஒரு மூலையில் வைத்தால் அங்கே இரண்டாவது உளை உருவாகும்.

கல்லையும் கிராவலையும் நம்மூரில் யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 300 சதுர அடியில் கீழே பரப்பும் ஆறு அங்குல அடிக்கல்லுக்கு 150 கன அடி. கெட்டிக்கும்போது அமுங்குவதற்காகக் கால் பங்கு சேர்த்தால் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இரண்டு அங்குல மூடுபொருளுக்கு 50 கன அடி, அமுங்குவதையும் சேர்த்து முக்கால் யூனிட்டுக்குள் முடியும்.

லோடு வந்ததும் கொட்டுவதற்கு முன்னால் டிரெய்லர் பெட்டியின் நீள, அகல, உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ‘ஒரு யூனிட் அண்ணே’ என்று வரும் பெட்டியில் 80 கன அடிதான் இருக்கும் என்பது பலமுறை பார்த்த உண்மை. குவாரியின் நடைச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். வழியில் வண்டியை மடக்கினால் லோடும் போய், வாரமும் போய்விடும்.

மண்ணைப் பாட்டிலில் போட்டுப் பாருங்கள்

கொல்லை மண்ணில் இரண்டு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீர் கலங்கியே இருந்தால் அது களிமண். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் பெரும்பாலும் மறுநாளும் கலங்கித்தான் இருக்கும். மணல் பாதிக்கு மேல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அடிக்கல்லை நான்கு அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பொருள்?

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் அது இலவசம். ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அனுமதி கிடைக்கிறது. வயலுக்கு அது தங்கம். மாடு நிற்கும் இடத்தில் அதைக் கொட்டினால், சேற்றை விலையில்லாமல் வாங்கிப் போட்டதாகும். டிராக்டர் வாடகை மட்டும்தானே என்று கொட்டியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மாட்டைப் பிடித்து வெளியே இழுக்கும்போது அவர்களைப் பார்க்கலாம்.

கிராவல் நல்ல பொருள்தான், ஆனால் மேலே போடும் பொருள். வாங்கும் முன் ஒரு பிடியை நனைத்துக் கையில் இறுக்குங்கள். உருண்டையாகப் பிடித்து, கையைத் திறந்ததும் ஓரம் உதிர்ந்து, உள்ளங்கையில் கல் உறுத்தினால் வாங்கலாம். வழவழவென்று பிசுபிசுத்தால் அது சிவப்புக் களிமண், திருப்பி அனுப்புங்கள்.

புதுக்கோட்டை, கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் துண்டு கிடைத்தால் அடிக்கல்லுக்கு நன்றாக உதவும். பெரிய துண்டுகளைக் கைப்பிடி அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். ஓரத்தில் வரிசையாகப் பதித்தால் வரம்பாகவும் நிற்கும்.

டெல்டாவில் கருங்கல் கிடையாது. எல்லாம் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் லாரியில் வருவதுதான். கல்லின் விலையைவிட லாரி வாடகை உறுத்தும். ஆகவே பக்கத்தில் செங்கல் காளவாய் இருந்தால் முதலில் அங்கே போங்கள். அதிகம் வெந்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கற்களைக் கட்டட வேலைக்கு யாரும் வாங்குவதில்லை. அவைதான் நமக்கு வேண்டியவை. தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கல்லைத் தள்ளிவிடுவார்கள், கவனம். ஈரத்தில் அது மறுபடி மண்ணாகிவிடும்.

இடித்த வீட்டின் செங்கலும் காரையும் இன்னும் மலிவு. நான் எடுக்க மாட்டேன். ஆணி, கட்டுக்கம்பி, கண்ணாடி எல்லாம் அதற்குள் இருக்கும். மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும் பிராணி, வாயில் பிரித்துப் பார்க்காது. விழுங்கிய ஆணி வயிற்றைக் குத்தி இதயம் வரை போய் மாட்டைக் கொன்றுவிடும். வேறு வழியே இல்லை என்றால், ஒவ்வொரு கூடையையும் கையால் பிரித்து, காந்தம் ஓட்டி, அடியில் மட்டும் போடுங்கள்.

காளவாய் இல்லாத இடத்தில் அடிக்கு 40 மி.மீ. கருங்கல் ஜல்லி, அதாவது ஒன்றரை அங்குல ஜல்லி. கல் உடைக்கும் கிரஷரில் பெரிசும் சிறிசும் தூளும் கலந்து சாலை அடித்தளத்துக்கு விற்கும் கலவை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே அளவுக் கல் உருளும், கலவை பூட்டிக்கொள்ளும். வெறும் ஜல்லியோடு நிறுத்திவிடாதீர்கள். கூரான கல் குளம்பின் இடுக்கில் குத்தினால் சேற்றைவிட மோசமான புண் வரும். மேலே கிரஷர் தூசி இரண்டு அங்குலம் கட்டாயம். தூசியை நனைத்துக் கெட்டித்தால் ஏறக்குறைய மண் சுவர் மாதிரி இறுகும், குளம்புக்கும் மெத்தென்று இருக்கும். மூன்று பங்கு தூசிக்கு ஒரு பங்கு நல்ல கிராவல் கலந்தால் பிடிப்பு இன்னும் கூடும். என் கொல்லையில் இப்போது கிடப்பது இதுதான்.

சுண்ணாம்பு கலந்து களிமண்ணையே கெட்டியாக்குவது சாலைப் பொறியாளர்களின் பழைய முறை. மண்ணின் எடையில் 5 சதவீதம் நீர்த்த சுண்ணாம்பு. நம் 300 சதுர அடியில் ஆறு அங்குல ஆழத்துக்கு 300 கிலோவுக்கு மேல் வேண்டும். உழுது, கலந்து, ஈரம் பார்த்து, கெட்டித்து, ஓரிரு வாரம் மாட்டை விடாமல் வைக்க வேண்டும். கண்ணையும் தோலையும் அரிக்கும். கணக்குப் போட்டால் செலவு ஜல்லிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல் லாரியே வர முடியாத கொல்லைக்கு இது வழி, மற்றவர்களுக்குத் தேவையில்லை.

உமி, உமிச்சாம்பல், தென்னை நார்க்கழிவு எல்லாம் படுக்கை, தரை இல்லை. கூரைக்கு அடியில், கெட்டித் தரைக்கு மேல் நார்க்கழிவு போட்டால் மூத்திரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எருவும் நன்றாக வரும். அதையே மழையில் கொட்டினால் கறுப்புக் கஞ்சி. ரப்பர் விரிப்பும் அப்படித்தான்: கான்கிரீட் மேல் போட்டால் சுகம், மண்மேல் போட்டால் அடியில் சேறு, மேலே வழுக்கல். கடப்பாக்கல்லை மாட்டின் காலடியில் போடவே போடாதீர்கள். ஈரத்தில் வழுக்கி இடுப்பு விலகிய பசுவை எழுப்ப ஆறு பேர் வேண்டும், எழுந்தாலும் பழைய மாடாக இருக்காது.

போடும் முறை

வேலைக்குக் காலம் சித்திரை, வைகாசி. மண் காய்ந்திருக்கும், டிராக்டர் கொல்லைக்குள் வரும், மாட்டைத் தோப்பில் கட்டிக்கொள்ளலாம். ஈர மண்ணின் மேல் கல் போட்டால், கெட்டிக்கும்போதே கல் உள்ளே இறங்கும்.

குழம்பை வழித்தெடுத்த பிறகு மண்ணையே வாட்டமாகச் சரிசெய்யுங்கள். தொட்டிப் பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு; பத்து அடிக்கு மூன்று அங்குலம் போதும், 15 அடிக்கு நாலரை அங்குலம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப் இருந்தால் கொத்தனார் இல்லாமலே மட்டம் பார்த்துவிடலாம். அதிகம் சரித்தால் தண்ணீர் வேகமாக ஓடும், ஆனால் கட்டியிருக்கும் சினை மாட்டுக்கு நாள் முழுதும் சரிவில் நிற்பது நல்லதில்லை.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் அடுக்கு: மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு துணி. சாலை வேலைக்கு விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியில் நெய்யாத வகை சிறந்தது. தண்ணீரை விடும், களிமண்ணை மேலே வரவிடாது, கல்லைக் கீழே இறங்கவிடாது. என் முதல் கிராவல் காணாமல் போனது இந்த ஓர் அடுக்கு இல்லாததாலும்தான். அது கிடைக்காவிட்டால் மாட்டுத் தீவனம் வரும் நெய்த பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி விரியுங்கள். 300 சதுர அடிக்கு 50, 60 சாக்கு ஆகும். உள்ளே பாலித்தீன் உறை இருந்தால் உருவிவிட வேண்டும். தார்ப்பாயோ பாலித்தீன் தாளோ விரித்தால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். சாக்கு துணி அளவுக்கு உறுதியானது இல்லை, ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பலமடங்கு மேல். ஓரங்கள் வெளியே தெரியாமல் கல்லுக்கடியில் மடங்கியிருக்கட்டும். தெரிந்தால் மாடு இழுத்துத் தின்னும்.

வரம்பு கட்டாவிட்டால் கல் நாலாபுறமும் நடந்து போய்விடும். செம்புறாங்கல், முறுகிய செங்கல், பழைய பனைமரத் துண்டு எது கிடைத்தாலும் சரி. தென்னந்துண்டு வேண்டாம், மண்ணில் பட்டால் சீக்கிரமே மக்கிவிடும். பின்பக்க வரம்பில் மூன்று, நான்கு இடத்தில் இடைவெளி விட்டால்தான் தண்ணீர் வெளியேறும்.

அடிக்கல்லை மூன்று அங்குலம் மூன்று அங்குலமாக இரண்டு தடவை பரப்புங்கள். டிராக்டர் துணிமேல் ஏறக் கூடாது. ஓரத்தில் கொட்டி, கல்லின் மேலேயே ஏறி முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் மேலும் டிராக்டரை முன்னும் பின்னும் பத்துத் தடவை ஓட்டி, மூலைகளைத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். பிறகு தூசியைப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, மறுபடி ஓட்டம். பூட்ஸ் காலால் அழுத்தித் திருகினால் தடம் விழக் கூடாது, அதுதான் சோதனை. ஒரு வாரம் கழித்து மாட்டைக் கட்டலாம்.

கான்கிரீட் ஒரு பட்டைக்கு மட்டும்

கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் 300 சதுர அடிக்கும் கான்கிரீட் போடலாம் என்று தோன்றும். நான்கு அங்குலக் கனத்தில் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஏறக்குறைய 18 மூட்டை சிமென்ட், அதற்கு மணல், ஜல்லி, ஆள் கூலி. தேவையில்லை. தொட்டியை ஒட்டி 20 அடிக்கு 5 அடிப் பட்டைக்கு மட்டும் போடுங்கள். 6 மூட்டையில் முடியும். முன்னங்கால் விழும் இடம் அதுதான், சிந்திய தீனியைக் கூட்டி எடுக்கவும் வசதி. அடியில் அதே துணியும் கல்லும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் விரிசல் விடும்.

கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வீட்டுத் தரை மாதிரி மழமழவென்று தேய்க்கக் கூடாது. பாவம், அவருக்கு அது தொழில் மானம், மனசு கேட்காது. ஈரம் இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் கம்பியால் கோடு போடச் சொல்லுங்கள். ஏழு நாளாவது சாக்கு போட்டு நனைக்க வேண்டும்; இரண்டு வாரம் மாட்டை ஏற்றாமல் இருந்தால் நல்லது. புதுச் சிமென்டின் காரம் குளம்பை அரிக்கும், ஆகவே மாட்டைக் கட்டும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மழை வந்த பிறகு

சாணத்தைத் தினம் வழிக்க வேண்டும், மழை நாளில் இரண்டு தடவை. இரும்பு மண்வெட்டி தூசியைப் பேர்த்தெடுக்கும். மரப்பலகை வைத்த வழிப்பான் போதும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சாணத்தோடு கொஞ்சம் தூசி போகத்தான் செய்யும். வருடத்துக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு, பதின்மூன்று கன அடி. முதலிலேயே ஒரு பத்துச் சாக்கில் தூசியைக் கட்டிக் கொட்டகையில் போட்டுவிடுங்கள். அடைமழையில் குழி விழும்போது லாரி தேடி ஓட வேண்டாம்.

இது தின்ன நிற்கும் தரை. படுக்க, கூரைக்கு அடியில் மாடு உதறிப் போட்ட வைக்கோலைச் சேர்த்து உலர்ந்த இடம் தனியே கொடுக்க வேண்டும். தீவனத் தரையில் வைக்கோல் மெத்தை சேரவிட்டால் அது ஊறி, புதுச் சேறு அதன் மேலிருந்தே தொடங்கும்.

முதல் பெருமழையன்று மறுபடி குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு வந்துவிடலாம். ஈரத்தில் அதை நிரப்பினால் நிற்காது. குச்சி அங்கேயே இருக்கட்டும், தை பிறந்து தரை காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.